ஆகஸ்டில் மொரீஷியஸ்: முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஹோட்டலை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஏழு நாள் மொரீஷியஸ். நீங்கள், கணவர், எட்டு வயது மகள், முழங்கால் வலி உள்ள அறுபத்தெட்டு வயது அம்மா. அம்மா சுத்த சைவம். டிராவல்ஸ்காரர் கிழக்குக் கரையில் பெல் மார் என்ற இடத்தில் ஏழு இரவுக்கும் ஒரே ரிசார்ட் போட்டுத் தந்திருக்கிறார். முன்பணம் கட்டலாமா, கார் எடுக்கலாமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்கிறீர்கள்.

முன்பணம் கட்டாதீர்கள். ரிசார்ட் நன்றாகவே இருக்கும். கோளாறு மாதத்தில்தான். திருப்பூரிலிருந்து துணி மில் வேலைக்குப் போய் மொரீஷியஸில் காத்ர் போர்ன் என்ற ஊரில் ஆறு வருடம் இருந்தவன் நான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் செய்த ஒரே தவறு, படத்தைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததுதான். அந்தத் தீவில் எந்த மாதத்தில் எந்தக் கரை என்பதைக் காற்று முடிவு செய்கிறது.

மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. நமக்கு ஆடி, ஆவணி என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் அது உச்சம். பெல் மார் கடற்கரை அந்தக் காற்றுக்கு நேர் முகம் காட்டி நிற்கிறது. வெயில் அடிக்கும், கடல் நீலமாகத்தான் இருக்கும். ஆனால் மணலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கண்ணில் மண் விழும், தண்ணீரை விட்டு வெளியே வரும் குழந்தை நடுங்கும். அதே நாள், அதே நேரம் மேற்குக் கரைக்குப் போனால், நடுவில் இருக்கும் மலைகள் காற்றைத் தடுத்துவிடுவதால் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் நானே பெல் மாரைச் சொல்லியிருப்பேன். அப்போது மேற்கில் புழுக்கம் அதிகம், கிழக்கில் காற்று சுகம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக். ஐந்து இரவு அங்கே, கடைசி இரண்டு இரவு தென்கிழக்கில் மாயேபூர் அல்லது புளூ பே பக்கம். அங்கேயும் காற்று அடிக்கும்தான், ஆனால் விமான நிலையம் அந்தப் பக்கம் இருக்கிறது. திரும்பும் நாளில் ஓட்டம் மிச்சம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் சவுக்கு மர நிழலோடு நீண்ட பொதுக் கடற்கரை, நடக்கிற தூரத்தில் சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, பஸ் எல்லாம் உண்டு. ரிசார்ட்டை விட அடுப்படி உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள், தரைத்தளமாகப் பார்த்து. அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது, சாப்பாட்டுக்கும் நல்லது. கடற்கரைக்கு எதிரே இருக்கும் பெரிய ஹோட்டல்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அலை தொடும் மணல் அங்கே எல்லாருக்கும் பொது. எந்த ஹோட்டலும் உங்களைக் கரையோரம் நடக்கக்கூடாது என்று சொல்ல முடியாது.

தீவைச் சுற்றி ஏறக்குறைய முழுக்கப் பவளத்திட்டு வேலி மாதிரி நிற்கிறது. அதற்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலில்தான் எல்லாரும் குளிக்கிறார்கள். தெற்கே சுயாக் ஊருக்குப் பக்கத்தில் க்ரி க்ரி என்ற இடத்தில் அந்த வேலி இல்லை. அலை நேராகப் பாறையில் வந்து மோதும். பார்க்க அருமையான இடம், ஆனால் காலைக்கூட நனைக்க வேண்டாம். மற்ற இடங்களிலும் ஆக்வா ஷூ இல்லாமல் மகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கடல் முள்ளெலி இருக்கும். கல் மீன் என்று ஒன்று உண்டு, அசல் கல்லைப் போலவே அடியில் கிடக்கும். அதன் முள் குத்தினால் வலி தாங்க முடியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆக்வா ஷூ பதினைந்து நிமிடத்தில் கடையில் வாங்கிவிடக்கூடிய செருப்புதான். முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

குளிர் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடற்கரையில் பகலில் 24 டிகிரி வரை போகும், இரவில் 17, 18-க்கு இறங்கும். நடுமேட்டில் இருக்கும் க்யூர்பீப் ஊரில் அதைவிடச் சில டிகிரி குறைவு, கூடவே சாரல். ஒரே நாளில் கரையில் வெயிலும் மேட்டில் மழையும் சகஜம். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், அம்மாவுக்கு சால்வை, எல்லாருக்கும் மெல்லிய மழைக்கோட்டு. இன்னொன்று, மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒவ்வொரு நாளையும் காலை ஏழு மணிக்கே தொடங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். ஆகஸ்டில் போவதில் ஒரு பெரிய நிம்மதி, புயல் கிடையாது. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். ஒன்று முதல் நான்கு வரை எச்சரிக்கை எண் அறிவிப்பார்கள், மூன்று வந்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயியில் கார்கள் தண்ணீரில் மிதந்தன.

சரி, போய் இறங்குவது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், சுற்றுலாவுக்கு இறங்கும்போதே அனுமதி தருவார்கள். ஆனால் திரும்பும் டிக்கெட், தங்குமிட ரசீது, கையில் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் உண்மையாகவே கேட்பார்கள். போனில் வைத்திருந்தாலும் தாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அரசாங்கத்தின் ஆன்லைன் பயணப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்துடையது இல்லை. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 3 யூரோ கட்டணம் வந்திருக்கிறது, 12 வயதுக்குக் கீழே இல்லை. தங்குமிடத்தில் அது வாடகையில் சேர்ந்ததா தனியா என்று கேட்டு வையுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் சில வருடம் இருக்கும், சில வருடம் இருக்காது. மும்பை வழி எப்போதும் உண்டு.

பெட்டியில் கறிவேப்பிலை, பழம், விதை என்று பச்சையாக எதுவும் வைக்க வேண்டாம். பயிர் நோய் பயத்தில் அதில் ரொம்பக் கறாராக இருப்பார்கள். அம்மாவின் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை ஏதாவது இருந்தால் முன்கூட்டி அனுமதி வேண்டுமா என்று தூதரகத்தில் கேட்டுவிடுங்கள், போதைப்பொருள் சட்டம் அங்கே விளையாட்டில்லை. பிளக் பாயின்ட் பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரி சதுர மூன்று கால். அடாப்டர் இரண்டு போதும்.

கார் எடுக்கலாமா என்றால், அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு கண்டிப்பாக எடுங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஒழுங்காகவும் ஓட்டுகிறார்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போனால் பேச்சே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. என் தங்கை குடும்பம் வந்தபோது வாடகை கார் கம்பெனி டெபாசிட்டுக்கு டெபிட் கார்டை ஏற்க மறுத்துவிட்டது. விமான நிலைய வாசலில் ஒன்றரை மணி நேரம் பெட்டிகளோடு நின்றார்கள், நான் மில்லில் சொல்லிவிட்டு வந்து என் கிரெடிட் கார்டைத் தந்த பிறகுதான் சாவி கிடைத்தது. பொதுவாக ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதில் டெபாசிட் அளவுக்கு லிமிட் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியும் குழந்தை சீட்டும் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள். காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தீவின் நீளம் 65 கிலோமீட்டர்தான். அதை நம்பி ஒரே நாளில் வடக்கையும் தெற்கையும் சுற்றப் பார்க்காதீர்கள். காலையிலும் மாலையிலும் போர்ட் லூயி பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஆகஸ்ட் கரும்பு வெட்டும் காலம் வேறு. கரும்பு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் பொறுமைதான் வழி. இருட்டிய பிறகு கரும்புக்காட்டு ரோடுகளில் விளக்கு இருக்காது, நாய்கள் குறுக்கே வரும். ஆறு மணிக்குள் வீடு திரும்புங்கள்.

தலைநகருக்கு மட்டும் காரில் போகாதீர்கள். காத்ர் போர்ன் வரை ஓட்டிப் போய், அங்கே வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறுங்கள். 2020-ல் ஓட ஆரம்பித்தது, இப்போது போர்ட் லூயியிலிருந்து க்யூர்பீப் வரை போகிறது. இந்தியாவின் பண உதவியோடு நம் எல் அண்ட் டி கட்டியது. டாக்ஸியில் மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் இல்லை. ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள், போக மட்டுமா, திரும்பவும் சேர்த்தா என்று கேட்டுப் பேசுங்கள். ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சு மாதிரி சொன்னால்தான் புரியும். மஹேபர்க் என்றால் விழிப்பார்கள், மாயேபூர் என்றால் தலையாட்டுவார்கள்.

இப்போது சாப்பாடு. அம்மாவைப் பற்றிய கவலையை விடுங்கள். வாரச் சந்தைக்குள் நுழைந்ததும் அவரே உற்சாகமாகிவிடுவார். முருங்கைக் கீரை கட்டுக் கட்டாக இருக்கும், அதன் பெயர் ப்ரெட் மூரும். கறிவேப்பிலைக்குக் கரிபுலே. ரசத்துக்கு ரசோன். முந்நூறு வருடத்துக்கு முன் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கூட்டிப்போன கொத்தனார், தச்சர் வாயில் இருந்த சொற்கள், தீவில் எல்லாரும் பேசும் க்ரெயோல் மொழிக்குள் அப்படியே தங்கிவிட்டன. காத்தோ பிமா என்று கண்ணாடிப் பெட்டியில் சுடச்சுட வைத்திருப்பதை வாங்கிக் கடித்துப் பாருங்கள். நம் பருப்பு வடையேதான், அளவு மட்டும் சின்னது. ஆனால் அதே எண்ணெயில் இறைச்சி சமோசாவும் பொரிப்பார்கள், அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் பூரி, அதாவது பருப்புப் பூரி, சாப்பிடாமல் வந்தால் மொரீஷியஸ் போனதாகவே கணக்கில்லை. காத்ர் போர்னில் நான் இருந்த தெருமுனையில் ஒருவர் மோட்டார் பைக்கின் பின்னால் பெட்டி கட்டி விற்பார். பெட்டி மூடியைத் திறந்ததும் ஆவி வரும். வேகவைத்து அரைத்த பட்டாணிப் பருப்பு உள்ளே வைத்துத் திரட்டிய, துணி மாதிரி மெல்லிய பூரி இரண்டை ஒன்றின் மேல் ஒன்று போடுவார். எப்போதும் ஜோடிதான். அதன் மேல் ஒரு கரண்டி மொச்சைக் குழம்பு, ஒரு கரண்டி தக்காளித் தொக்கு, கொஞ்சம் கொத்தமல்லிச் சட்னி. கையை நிறுத்தி “பிமா?” என்பார், மிளகாய் வேண்டுமா என்று அர்த்தம். “என் திகித்” என்றால் கொஞ்சம். சுருட்டி, தாளில் மடித்து, கையில் தருவதற்குள் இருபது வினாடி. நின்றபடியே சாப்பிட வேண்டும், குழம்பு முழங்கை வரை வழியும். பொதுவாகச் சுத்த சைவம், விலையும் மலிவு. மதியத்துக்குள் தீர்ந்துவிடும், காலை உணவாக வைத்துக்கொள்ளுங்கள்.

உணவகங்களில்தான் கவனம் தேவை. காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். “சான் லாவியான், சான் புவாசோன், சான் திசெஃப்” என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். விரதத்துக்கு அங்கே காரெம் என்பார்கள். அம்மா காரெம் என்று சொல்லிவிட்டால் சமையல்காரருக்கு முழுசாகப் புரிந்துவிடும். மகளுக்குப் போர்ட் லூயி சந்தையில் அலூதா வாங்கித் தாருங்கள், சப்ஜா விதை போட்ட குளிர்ந்த பால். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும். மேட்டு ஊர்களில் வியாழன் மதியமும் அப்படித்தான். அரிசி, பருப்பு, பாலை முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

பணம் மொரீஷியஸ் ரூபாய். ஒரு ரூபாய் நம் பணத்தில் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு ரூபாய்க்குள் ஏறி இறங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ வேலை செய்கிறது, ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை, பூரி பைக்கில் நிச்சயம் இல்லை. சில்லறை நோட்டு வைத்திருங்கள். கையில் வாங்கியதும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ். 1998-ல் புதிய நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

எதைப் பார்ப்பது? ஷமரெல் ஏழு வண்ண மண் எல்லா பேக்கேஜிலும் இருக்கும். போங்கள், ஆனால் அரை மணி நேர வேலைதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டிய சின்ன மேடு. வெயில் ஏறும்போது நிறம் எடுக்கும். அதே வளாகத்தில் இருக்கும் அருவியும், திரும்பும் வழியில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் பார்வைமுனைகளும்தான் அந்த நாளுக்கு அழகு. காரை விட்டு இறங்கிச் சில அடி நடந்தால் போதும், அம்மாவாலும் முடியும்.

லெ மோர்ன் மலைக்கு முன்னால் கடலுக்கு அடியில் அருவி விழுகிற மாதிரி ஒரு படம் பார்த்திருப்பீர்கள். அங்கே அருவி எதுவும் இல்லை. பவளத்திட்டின் விளிம்பில் மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிவதை மேலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். ஹெலிகாப்டரில் ஏறினால்தான் காட்சி. கரையில் நின்று தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மலையையே பாருங்கள், அது போதும். 556 மீட்டர் உயரப் பாறை. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-ல் விடுதலைச் செய்தி சொல்ல ஆட்கள் மலையேறி வந்ததைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக் கீழே குதித்தார்கள் என்று அந்த மக்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஏறுவது கடினம், மேல்பகுதி செங்குத்து. கணவர் மட்டும் வழிகாட்டியோடு விடியற்காலையில் போய் வரட்டும்.

மகளுக்காக இரண்டு இடம். தெற்கே லா வனில் பூங்காவில் பெரிய அல்டாப்ரா ஆமைகள் வேலியில்லாமல் திரியும், பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவலாம். மாயேபூரில் தங்கும்போது ஈல் ஓ ஏக்ரெத் என்ற குட்டித் தீவுக்குப் படகில் போங்கள். மனிதன் வருமுன் கடலோரக் காடு எப்படி இருந்ததோ அப்படியே அங்கே மீட்டெடுக்கிறார்கள். இளஞ்சிவப்புப் புறா என்று ஒரு பறவை, 1990 வாக்கில் காட்டில் பத்து போல மட்டுமே மிஞ்சியிருந்தது. இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. டோடோ என்ற பறவையை அடியோடு அழித்த அதே ஊரில் இதைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று மகளுக்குச் சொல்லுங்கள். டால்பின் படகுச் சவாரியை மட்டும் நான் சொல்ல மாட்டேன். காலையில் தமரின் வளைகுடாவில் பத்துப் பதினைந்து படகு சேர்ந்து ஒரே கூட்டத்தைத் துரத்தும், அந்தப் பிராணிகள் ஓய்வெடுக்கிற நேரம் அது. ஆகஸ்டில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் வரும். தூரத்தில் நின்று காட்டுகிற படகாகக் கேட்டுப் போகலாம்.

போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1834-லிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் கால் வைத்த இடம் அதுதான். மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் ஆட்களும் அதில் உண்டு. துறைமுகத்திலிருந்து ஏறும் கல் படிகள் இன்றும் இருக்கின்றன. சின்ன இடம், அனுமதி இலவசம். முதல் முறை நான் அந்தப் படிகளுக்கு முன்னால் போய் நின்றபோது பேச்சு வரவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் அருங்காட்சியகமும் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டுப் படிகளுக்கு வாருங்கள்.

அம்மாவுக்குக் கோயில். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் முருகன் கோயில் இருக்கிறது, கோவில் மொந்தாய்ன் என்பார்கள். தைப்பூசத்துக்குத் தீவே அங்கே திரளும், அன்று அரசு விடுமுறை. ஆனால் படி ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் போர்ட் லூயியில் கைலாசோன் என்று அழைக்கப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் சமதளத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசித் தேவாரம் பாடுகிறவர், பாட்டு முடிந்ததும் க்ரெயோலில்தான் பேசுவார். பெரும்பாலோருக்கு வீட்டில் தமிழ் பேசும் வழக்கம் போய் இரண்டு, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பள்ளியில் எழுத்துக் கற்று, பாடலை மனப்பாடம் செய்து காப்பாற்றி வருகிறார்கள். “தமிழ் தெரியாதா?” என்று கேட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு அது வலிக்கும். வணக்கம் சொல்லுங்கள், எந்த ஊர் என்று அவர்களே கேட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அன்னதான நாளாக இருந்தால் வாழை இலையில் செத் காரி போடுவார்கள், ஏழு வகைக் கறி. மறுக்காமல் சாப்பிடுங்கள், அம்மாவும் தாராளமாகச் சாப்பிடலாம்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கு 114, போலீசுக்கு 999. தனியார் கிளினிக் செலவு அதிகம், அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது முழங்கால் பிரச்சினையையும் எழுதிக் கொடுத்தே எடுங்கள். பிளாஸ்டிக் பை அங்கே தடை, இரண்டு துணிப்பை கொண்டு போங்கள். திங்கட்கிழமை மாயேபூரில் பெரிய சந்தை, உங்கள் கடைசி இரண்டு இரவில் ஒரு திங்கள் வருகிற மாதிரி டிக்கெட்டைப் போட முடிந்தால் போடுங்கள். கிளம்பும் நாளில் மகளின் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். மணலில் பொறுக்கிய சிப்பியும் பவளத் துண்டும் இருந்தால், விமான நிலையத்தில் பறிகொடுத்து அழ விடாமல், போகும் வழியில் கரையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.